பூ வாடும், கன்று காத்திருக்கும்!

வாசலில் நாலு மல்லிகைச் செடி. மாலையானால் தெருவே மணக்கிறது.

"ஒரு குச்சி ஒடித்துக் கொடுங்கள்" என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். செடி வளர்ப்பவரும் மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்.

அந்தக் குச்சிக்கு விலை உண்டா?

உண்டு. வேர் விட்டால் அது கன்று. கன்றுக்கு விலை உண்டு. இதை நன்கு அறிந்தவர்கள் ராமேசுவரம் தீவு மக்கள்.

மணல் தந்த தொழில்

அந்தத் தீவில் உள்ள ஊர் தங்கச்சிமடம். மல்லிகைக் கன்றுக்குப் பேர் பெற்ற ஊர் அது. மதுரை, திண்டுக்கல் வட்டாரத் தோட்டங்களுக்கு இங்கிருந்து கன்றுகள் போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புகழில் தீவின் மணலுக்கும் பங்கு உண்டு.

மணலில் தண்ணீர் தேங்காது. அதனால் குச்சி அழுகாது. வேர் தடையில்லாமல் இறங்கும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். மிக இளந்தண்டு வாடிவிடும். முற்றிய கட்டை வேர் விடத் தாமதிக்கும். 2 அல்லது 3 கணு உள்ள நடுத்தரக் குச்சியே நல்லது. ஒரு கணுவாவது மணலுக்குள் இருக்க வேண்டும். நிழல் வேண்டும். ஈரம் வேண்டும், சேறு கூடாது. சுமார் 3 மாதத்தில் கன்று தயார்.

பூவா, கன்றா?

மல்லிகைப் பூவின் விலை ஏறி இறங்கும். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ குறையும். அப்போது கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. கோடையில் பூ குவியும், விலை சரியும்.

அதிகாலையில் பறித்த பூவை அன்றே விற்றாக வேண்டும். 2020-ல் ஊரடங்கு வந்தது. கோவில்கள் மூடப்பட்டன. வாங்க ஆள் இல்லாமல் பூக்கள் செடியிலேயே உதிர்ந்தன.

கன்று அப்படி அல்ல. இன்று விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கலாம். சிறு முதல் போடும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் காத்திருக்கும் கன்றும் தண்ணீர் கேட்கும்; இடம் கேட்கும். அதுவும் செலவுதான்.

ஏமாற்றும் கணக்கு

500 குச்சி நட 1,750 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குச்சிக்கு மூன்றரை ரூபாய்தான் என்று தோன்றும். 150 குச்சிகள் பட்டுப்போனால்? மீதி 350 கன்றுகள்தான் முழுச் செலவையும் சுமக்க வேண்டும். அப்போது ஒரு கன்றின் அடக்க விலை 5 ரூபாய்! 4 ரூபாய்க்கு விற்றவர் லாபம் என்று நினைத்தபடியே நஷ்டப்படுவார்.

தண்ணீர் ஊற்றும் தாயின் உழைப்புக்கும் கூலி போட வேண்டும். வீட்டு வேலையோடு சேர்ந்த வேலை என்று அதை விட்டுவிடக் கூடாது. அந்தக் கூலி கணக்கில் ஏறாவிட்டால், வரும் லாபம் பொய் லாபம்.

பெயரே முதல்

கன்றைப் பார்த்து இன்ன ரகம் என்று எல்லோராலும் சொல்ல முடியாது. பூத்த பிறகே உண்மை தெரியும். அதற்குள் வாங்கியவர் பணத்தோடு பல மாத உழைப்பையும் போட்டிருப்பார்.

ஆகவே நோயில்லாத, நன்றாகப் பூக்கும் தாய்ச்செடியில் மட்டுமே குச்சி எடுக்க வேண்டும். ரகத்தின் பெயரை எழுதிக் கட்ட வேண்டும். ஒரு முறை ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார்.

கடன் வாங்கிப் பந்தல் போட அவசரம் வேண்டாம். முதலில் 50 குச்சி நடலாம். எத்தனை பிழைத்தது, எத்தனை விற்றது என்று நோட்டில் எழுதலாம். அந்தக் கணக்கு சரி என்றால் 500-க்குப் போகலாம்.

செடி வளர்க்க ஆசை போதும். செடி விற்கக் கணக்கும் வேண்டும், நாணயமும் வேண்டும்.