புத்தாண்டு இரவும் பிரிவு 185-உம்

ஆண்டுதோறும் டிசம்பர் 31 ஆம் நாள் இரவு சென்னையின் தோற்றம் மாறிவிடுகிறது. மேம்பாலங்கள் அடைக்கப்படுகின்றன, மெரினாவை ஒட்டிய சாலையில் ஊர்திகள் தடுக்கப்படுகின்றன, சந்திப்புகளில் மூச்சுச் சோதனைக் கருவிகளோடு காவலர் நிற்கின்றனர். மது அருந்தி ஊர்தி ஓட்டுவோர்க்கு என்ன தண்டனை என்பதை நாளிதழ்கள் முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. இவ்வேற்பாடு தேவையானதே. ஆனால் தண்டனை எவ்வளவு கடுமையானது என்று பேசும் ஊர், அத்தண்டனை ஆண்டின் மற்ற இரவுகளில் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185 ஆம் பிரிவு இக்குற்றத்தை வரையறுக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால் அது குற்றம். ‘கொஞ்சந்தான் குடித்தேன், நிதானமாகத்தான் ஓட்டினேன்’ என்னும் வாதம் கருவி காட்டும் எண்ணின் முன் நிற்காது. முன்பு முதன்முறை பிடிபட்டவர்க்கு அபராதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இரண்டையும் சேர்த்தே விதிக்கலாம். மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 15,000 ரூபாய், ஈராண்டு வரை சிறை. உரிமம் பறிபோகும் வாய்ப்பு தனி.

இச்சட்டத்தில் இளைஞர் பெரும்பாலும் அறியாத பிரிவு ஒன்று உண்டு. 188 ஆம் பிரிவின்படி, இக்குற்றத்திற்குத் தூண்டுதலாகவோ உடந்தையாகவோ இருப்பவர்க்கும் அதே தண்டனை விதிக்கப்படும். 2022 ஆம் ஆண்டில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இப்பிரிவை உடன் பயணிப்போர் மீதும் பயன்படுத்தப்போவதாக அறிவித்தபோது, ‘பின்னால் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்தான்?’ என்ற கேள்வி எழுந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் சிக்கல். நண்பனின் கால் தடுமாறுவதைக் கண்டவன் அவன். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் நின்றவனும் அவனே. காவலர் நூறு சந்திப்புகளில் நின்றாலும் வண்டி கிளம்பும் இடத்தில் நிற்க முடியாது. அங்கே நிற்பவன் நண்பன் மட்டுமே. அந்த ஒருவனைப் பொறுப்பாளியாக்கியது இச்சட்டத்தின் மிகக் கூர்மையான பகுதி. நிலைமையை அறியாமல் ஏறியவரும் இதில் சிக்கிவிடாதபடி காவலர் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை ஊர்தியில் வீடு திரும்பும் குடித்த பயணியைத் தண்டிப்பதோ சட்டத்தின் நோக்கத்திற்கே எதிரானது.

உயிரிழப்பு நேரும்போது வழக்கின் தன்மையே மாறுகிறது. 2006 நவம்பரில் ஒரு விடியற்காலையில் மும்பையின் பாந்த்ராப் பகுதியில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது கார் ஏறியது. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். கவனக்குறைவு எனக் கொண்டு விசாரணை நீதிமன்றம் விதித்தது ஆறு மாதச் சிறை. உயர் நீதிமன்றம் அதனைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கண்டு மூன்றாண்டு சிறை விதித்தது. 2012 இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தபோது, அம்மூன்றாண்டும் மிகக் குறைவே என்றும், அரசு மேல்முறையீடு செய்யாததால் தண்டனையை உயர்த்த முற்படவில்லை என்றும் கூறியது. ஏழு உயிர்களுக்கு மூன்றாண்டு.

ஆகவே தண்டனையை இன்னும் கடுமையாக்கினால் போதும் என்பார் உளர். அபராதம் ஐந்து மடங்கு உயர்ந்தபின்னும் அவ்வாதம் ஓயவில்லை. குடித்துவிட்டு நூறு இரவுகள் தடையின்றி வீடு சேர்ந்தவனுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது பிறர் கட்டும் பணம். அது இருபதாயிரமானாலும் அவன் கணக்கு மாறாது. நாளும் இடமும் முன்பே அறிவிக்கப்படும் சோதனை அவனுக்கு உதவியாகவே அமைகிறது. புத்தாண்டு இரவில் அவன் மாற்று வழியில் செல்வான். மறுவாரம் பழைய வழிக்கே திரும்புவான். பழைய இருசக்கர வண்டியில் கூலி வேலைக்குச் செல்பவர்க்கோ அதே தொகை ஒரு மாதக் குடும்பச் செலவு. பிடிபட்டவர்மேல் இடியாக விழுந்து, பிடிபடாதவரைத் தொடாமல் போகும் தண்டனையால் சாலை பாதுகாப்பாகாது.

வழக்கு முறையாக நடப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். இக்குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்கிறது 202 ஆம் பிரிவு. குடிமக்களைக் காக்கும் நல்ல விதி அது. ஆனால் விழா இரவில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதைக் காவலர் அறிவர். சோதனைக்கென்றே ஒரு மருத்துவரை அவ்விரவுகளில் பணியமர்த்துவது பெருஞ்செலவன்று.

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது, தமிழ்நாடு அரசு தொடர்பான வழக்கில்தான். அடுத்த ஆண்டே சிற்றூர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்கு ஆணை பொருந்தாதெனவும் விளக்கப்பட்டது. மதுக்கூடங்களின் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்பது இன்றும் எவர்க்கும் வியப்பளிக்கவில்லை. அந்த வாசலிலிருந்து புறப்படும் சாலையில், யாரும் எதிர்பாராத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு, முன்னறிவிப்பின்றி ஒரு மூச்சுச் சோதனைக் கருவி காத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அது வியாழக்கிழமையாக இருக்கலாம்.