'பேசுகிறான்', 'பேசுகிறானாம்': மனநலக் காவல் ஆவணங்களை மொழியியலாளரும் வாசிக்க வேண்டும்

இந்திய மனநல வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் காப்பகங்களின் ஆண்டறிக்கைகளையே சார்ந்திருக்கின்றன. எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், எத்தனை பேர் இறந்தனர், உணவுக்கு எவ்வளவு செலவு என்னும் கணக்குகள் அவற்றில் கிடைக்கும். ஆனால், ஒருவர் காப்பகத்தின் வாயிலை அடையும் முன்பே அவரைப் பற்றிய முடிவு வேறொரு தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. அது நீதிமன்றத்தின் தாள். சில நேரங்களில் காவல்துறையின் தாள். அதனை வரலாற்றாய்வாளர் மட்டும் வாசித்தால் போதாது, மொழியியலாளரும் வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

1858ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் வந்தது 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம். 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை, ஏறத்தாழ 80 ஆண்டுகள், அதுவே ஆட்சி செய்தது. அச்சட்டம் மனிதர்களை வெவ்வேறு வழிகளில் அனுப்பிற்று. சொத்துடையவர் என்றால் பம்பாய், சென்னை, கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் முறையான விசாரணை நடக்கலாம். தம்மையும் தம் உடைமைகளையும் பேணும் ஆற்றல் அவருக்கு உண்டா என்று நீதிபதி ஆராய்வார். குடும்பத்தார் மனுச் செய்தால் இரண்டு மருத்துவச் சான்றுகளுடன் நீதித்துறை நடுவர் சேர்ப்பாணை பிறப்பிக்கலாம். தெருவில் அலைபவர் என்றால் காவலர் பிடித்து நடுவர் முன் நிறுத்துவார். ஆனால் பம்பாய் போன்ற மாகாணத் தலைநகரங்களில் அந்த நடுவரின் பணியையும் காவல் ஆணையரே செய்யலாம் என்றது 17ஆம் பிரிவு. பிடிக்கும் கையும் முடிவெழுதும் கையும் ஒரே துறையினுடையவை ஆகலாம் என்பதே இதன் பொருள். 1901இல் திறக்கப்பட்ட தாணே நௌபாடா காப்பகத்திற்கு இந்நகரின் ஏழைகள் சென்ற வழிகளை எழுதும்போது இப்பிரிவை நாம் மறக்கலாகாது.

இனி 18ஆம் பிரிவுக்கு வருகிறேன். மருத்துவர் தாமே நேரில் கண்ட செய்திகளையும் பிறர் தமக்குச் சொன்ன செய்திகளையும் சான்றில் பிரித்தெழுத வேண்டும் என்கிறது அது. பிறர் சொன்னதை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட சான்றின்மீது, மனுவின்பேரில் சேர்ப்பாணை பிறப்பிக்கலாகாது என்றும் விதிக்கிறது. மொழியியல் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. சான்றுநிலை என்று நாம் வகுப்பில் கற்பதே இது. தமிழ் இதனை ஓர் இடைச்சொல்லால் செய்துவிடுகிறது. 'இரவில் தனக்குத்தானே பேசுகிறான்' என்றால் சொல்பவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். 'பேசுகிறானாம்' என்றால் அது கேள்விச் செய்தி. அந்த 'ஆம்' ஆங்கிலத்திற்குப் பெயரும்போது எளிதில் உதிர்ந்துவிடும். உதிர்ந்தபின், அண்டைவீட்டார் சொன்னது மருத்துவர் கண்டதாக மாறிவிடுகிறது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. நோயாளியின் மொழியை மருத்துவர் அறியார் எனில், 'இவர் பேச்சு தொடர்பற்றது' என்பது எந்த வகையைச் சேரும்? கண்டதா, கேட்டதா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் பட்டறைக்கு வந்த ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 'மனசு சரியில்லை' என்கிறார் அவர். சோர்வு, துயரம், ஊர் நினைவு ஆகிய எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் சொற்றொடர் அது. மொழிபெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், 'மனம் செம்மையாக இல்லாதவர்' என்னும் சட்டத்தின் சொல்லே கிடைக்கும். தம் துயரத்தைச் சொன்னவர், தமக்கு எதிரான வாக்குமூலத்தைத் தாமே தந்தவராகிவிடுவார். 'சாமி வந்தது' என்று ஒரு பெண் சொன்னால் என்னவாகும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

வெளிப்படையான விசாரணை இருந்தால் போதும் என்று சிலர் கருதலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எலிசபெத் பேக்கார்டை அவருடைய கணவர் 1860இல் காப்பகத்தில் அடைத்தார். மனைவியரை அவ்வாறு அடைக்க, பிறர்க்குத் தேவைப்பட்ட சான்றுகள் அன்று தேவைப்படவில்லை. 1864இல் கங்காகீ கவுண்டி நீதிமன்றத்தின் நடுவர்குழு 7 நிமிடங்களில் அவரைத் தெளிந்த மனத்தினர் என்றது. 1867இல் சட்டமே மாறியது. பெரும் வெற்றிதான். ஆயினும் பேக்கார்டும் அவரை விசாரித்தவர்களும் ஒரே மொழியினர். பம்பாயின் ஏழைத் தமிழருக்கு அவ்வாய்ப்பு இருந்ததென்று எப்படிக் கொள்வது?

'அந்தச் சட்டம்தான் மறைந்துவிட்டதே' என்பீர்கள். செம்பூரில் இரவலர் இல்லம் இன்றும் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடைச் சட்டத்தின்படி, முதன்முறை பிடிபட்டவரையே நீதிமன்றம் 1 முதல் 3 ஆண்டுகள்வரை இத்தகைய நிறுவனங்களில் அடைத்துவைக்கலாம். அலைபவரைப் பிடித்து அடைக்கும் பழைய வழி முற்றிலும் மூடப்படவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் பெருமுன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. தமக்குப் புரியும் மொழியில் தகவல் பெறும் உரிமையை அதன் 22ஆம் பிரிவு நோயாளிக்கு அளிக்கிறது. ஆனால், அப்பிரிவு நோயாளியின் காதைத்தான் கருதுகிறது, வாயைக் கருதவில்லை. அவர் சொல்வது எம்மொழியில் பதிவாக வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, ஆய்வாளர்களுக்கு. பழைய சேர்ப்பாணைகளையும் சான்றுகளையும் வாசிக்கையில், நோயின் பெயரைக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், யார் பேசினார், எம்மொழியில் பேசினார், இடையில் நின்றவர் யார் என்று ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள். பதில் இல்லாத இடமும் ஒரு தரவே. இவை மாந்தரின் அந்தரங்கம் என்னும் தடை நியாயமானது. பெயர்களை மறைத்து ஆய்வுக்குத் திறப்பதே அதற்குத் தீர்வு, பூட்டிவைப்பதன்று.

இரண்டாவது, இன்றைய மருத்துவமனைகளுக்கும் மறுஆய்வு வாரியங்களுக்கும். நோயாளியின் சொற்களை அவர் சொன்னபடியே, அவர் மொழியிலேயே முதலில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பை அதன் கீழே, பெயர்த்தவர் பெயருடன் எழுதுங்கள். ஆகும் செலவு சில வரிகளும் சில நிமிடங்களும். மாட்டுங்காவிலும் தாராவியிலும் தமிழறிந்தவர்க்குப் பஞ்சமில்லை. ஒருவரின் விடுதலை அவர் பேச்சைக்கொண்டு தீர்மானிக்கப்படுமானால், அப்பேச்சு அவருடையதாகவே கோப்பில் இருக்க வேண்டும்.