கூட்டமில்லாக் கடற்கரை

விடுமுறை என்ற சொல் பெரும்பாலான இல்லங்களில் மகிழ்ச்சியைக் கொண்டுவருகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை வளரும் இல்லத்திலோ அச்சொல்லுடன் சிறிது கலக்கமும் சேர்ந்தே வருகிறது. இங்கிலாந்தில் ஜூலை இறுதியிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பள்ளிகள் மூடப்பட்டிருக்கும். அண்டை வீட்டார் கடற்கரைக்குப் புறப்படுகையில், இப்பெற்றோர் நீண்ட பயணத்தையும், பழகாத படுக்கையையும், கூட்டத்தின் இரைச்சலையும் எண்ணி எண்ணித் தயங்குவர். இவ்வாண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. அவ்வில்லத்தில் வளரும் மற்றொரு குழந்தையும் கடலைக் காணாமலேயே வளர்ந்துவிடுகிறது.

ஆட்டிசம் என்பது மருந்துண்டு போக்கிவிடத்தக்க பிணியன்று; உலகை உணரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசை அக்குழந்தையின் செவியில் இடியாக விழலாம். நேற்று நடந்த ஒழுங்கு இன்றும் மாறாது நடந்தால்தான் மனம் அமைதியுறும். லோர்னா விங் என்னும் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் தம் மகளுக்கே ஆட்டிசம் இருந்ததால் இதனை வாழ்ந்தே அறிந்தவர். அவரும் வேறு சில பெற்றோரும் சேர்ந்து 1962-ஆம் ஆண்டில் தொடங்கிய சங்கமே இன்று அந்நாட்டின் தேசிய ஆட்டிசம் சங்கமாக விளங்குகிறது.

பிரிட்டனில் விடுமுறை என்றால் கூடிக் களிப்பது என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. 1936-இல் பில்லி பட்லின் என்பவர் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். 1938-இல் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. பாட்டும் போட்டியும் ஒலிபெருக்கி அறிவிப்புமாக அம்முகாம்கள் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு இன்பமளித்தன. எனினும் ஒருவருக்கு இன்பமாவது மற்றொருவருக்குத் துன்பமாகலாம். தேர்த்திருவிழா நாளில் இறைவனைக் கண்டு உருகுவோரும் உண்டு. கூட்டமில்லாத சாதாரண நாளில் சந்நிதியில் தனித்து நின்று உருகுவோரும் உண்டு. இக்குழந்தைகளுக்கு ஏற்றது இரண்டாம் வகை விடுமுறையே.

அத்தகைய அமைதி கிட்டும் இடங்களுள் ஒன்று, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்து. இங்கிலாந்தில் மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. பாம்பரோ கோட்டையின் அடியில் பரந்து கிடக்கும் மணல்வெளியில் ஆகஸ்ட் மாதத்திலும் ஒரு குடும்பம் தனக்கென ஒதுங்கி அமரலாம். ட்ரூரிட்ஜ் விரிகுடாவின் கரை ஏறத்தாழ 7 மைல் நீளமுடையது. கி.பி. 635-இல் எய்டன் என்னும் துறவி மடம் நிறுவிய லிண்டிஸ்பார்ன் தீவும் இங்கேதான் உள்ளது. அத்தீவுக்குச் செல்லும் சாலையைக் கடல் நாள்தோறும் இருமுறை மூடி, மீண்டும் திறந்துவிடுகிறது. பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்கள் முன்னரே அட்டவணையாக வெளியிடப்படுகின்றன. அதனை மீறிய வண்டிகள் நீரில் சிக்கிக்கொள்கின்றன. ஆகவே அவ்வட்டவணையைக் கருத்துடன் பின்பற்றுதல் வேண்டும். கால அட்டவணைகளில் மனம் லயிக்கும் ஆட்டிசக் குழந்தைகள் பலர். கடலே அட்டவணைப்படி நடக்கும் இடம் அவர்களுக்கு எத்துணை ஆறுதல் தரும்!

அடுத்து, காலமும் செலவும். பள்ளி விடுமுறை நாள்களில் தங்குமிட வாடகை பன்மடங்கு ஏறிவிடும். பள்ளி நடக்கும் நாள்களில் அனுமதியின்றி அழைத்துச் செல்லவும் இயலாது. அவ்வாறு ஐந்து நாள் அளவுக்கு வராதிருந்தால் ஒவ்வொரு குழந்தைக்காகவும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம் விதிக்கப்படலாம். 21 நாள்களுக்குள் செலுத்தாவிடில் அது 160 பவுண்டாகும். கட்டாயப் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளைக் கொண்டோர் மட்டும் ஜூன் மாதத்திலேயே குறைந்த வாடகையில் சென்று வரலாம். ஏனையோர்க்கு வேறொரு வழி உண்டு. ஸ்காட்லாந்தில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகின்றன. ஆதலால் அம்மாத இறுதியில் அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள கேலோவே போன்ற பகுதிகளில் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் குறைந்திருக்கும். அங்குள்ள வனப்பூங்கா, விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இருள்வானத்துக்காக 2009-இல் சிறப்பு அங்கீகாரம் பெற்றது.

தங்குவதற்கு விடுதியைவிடத் தனி வீடு நன்று. கடலோரப் பூங்காக்களில் நிலையாக நிறுத்தப்பட்டிருக்கும் கேரவன் வீடுகள் செலவிலும் சிக்கனமானவை. அங்கே தாமே சமைத்துக்கொள்ளலாம். ஒரே வகை உணவையே உண்ணும் குழந்தைக்கு அது பேருதவி. உணவகத்தில் பிறர் பார்வையைத் தாங்க வேண்டிய நிலையும் இல்லை. இரவு ஆட்டமும் பாட்டும் நடக்கும் அரங்கிற்கு அருகில் இடம் வேண்டாம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுதல் வேண்டும். கதவின் தாழ், தோட்டத்து வேலி, நீர்நிலையின் தொலைவு ஆகியவற்றையும் கேட்டறிதல் அவசியம். தண்ணீரால் ஈர்க்கப்பட்டுச் சொல்லாமல் வெளியேறும் இயல்பு சில குழந்தைகளுக்கு உண்டு. கடலருகே ஒரு கணமும் கண் அகலலாகாது.

சலுகைகளைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை. மாற்றுத்திறன் உதவித்தொகையை உரிய அளவில் பெறும் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தையின் பெயரில் ரயில் சலுகை அட்டை வாங்கினால், உடன் செல்லும் பெரியவர் ஒருவருக்குக் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கு குறையும். பழம்பெரும் மாளிகைகளைப் பேணும் நேஷனல் டிரஸ்ட், உதவிக்கு வருபவரைக் கட்டணமின்றி அனுமதிக்கிறது. நார்தம்பர்லாந்தில் அதன் பராமரிப்பில் உள்ள கிராக்சைடு மாளிகை, நீர்மின்விசையால் விளக்கேற்றிய முன்னோடி இல்லம். இயந்திரங்களை விரும்பும் குழந்தை அங்கே நெடுநேரம் மகிழ்ந்திருக்கும். 2016-இல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய வழக்கம் ஒன்றும் உண்டு. சூரியகாந்தி மலர் பொறித்த பச்சைக் கழுத்துப்பட்டையை அணிந்தால், வெளியே தெரியாத குறை உள்ளவர் என்பதைப் பணியாளர் வாய்திறந்து கேளாமலே அறிந்துகொள்வர்.

பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பே வீடு, படுக்கை, கடற்கரை ஆகியவற்றின் படங்களைச் சிறு ஏடாகத் தொகுத்து நாள்தோறும் காட்டி வரலாம். பழகிய போர்வையையும் காதுமூடியையும் மறவாமல் எடுத்துச் செல்லலாம். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். இரு பெற்றோரும் உடனிருப்பின், ஒருவர் இக்குழந்தையுடன் கரையில் இருக்க, மற்றவர் அதன் உடன்பிறப்பைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லலாம். அக்குழந்தைக்கும் தாயோ தந்தையோ முழுமையாகக் கிட்டும் பொழுது அது. அடுத்த ஆண்டு புதிய ஊரைத் தேடாமல் அதே வீட்டிற்குச் செல்வதே உத்தமம். பழகிய இடத்தில் அச்சம் பாதியாகும்.

மகனோ மகளோ பிரிட்டனில் குடியிருக்க, பேரப்பிள்ளைகளைக் காண அங்குச் செல்லும் தாத்தா பாட்டிமார் இன்று பலர். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. அவ்வளவு தூரம் வந்து லண்டன் மாநகரை முழுதும் சுற்றிப் பார்க்கவில்லையே என்று குறைப்படாமல், குழந்தையின் நடைக்குத் தம் நடையைப் பொருத்திக்கொள்வது பெருந்தன்மை. பேரன் காதைப் பொத்திக்கொண்டு அழுதால், அதனை அடமென்றோ வளர்ப்பின் குறையென்றோ கூறாதிருத்தல் வேண்டும். அவனுடைய தாய் அச்சொல்லைப் பிறரிடமிருந்து ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பாள். அதற்குப் பதிலாக, மாலையில் ஒரு மணி நேரம் பேரனின் அருகே பேசாமல் அமர்ந்து, அவன் கூழாங்கற்களை வரிசையாக அடுக்குவதைக் கண்டிருக்கலாம். அந்த ஒரு மணி நேரம் அத்தாய்க்கும் ஓய்வாகும். அவளுக்கு விடுமுறை என்று ஒன்று தொடங்குவதே அப்போதுதான்.