நீலி தனியாகவே நடக்கட்டும்

என் நகர்ப்புற மிகுபுனைவுத் தொடரின் மூன்றாவது நாவலை இந்த மாதம் நானே வெளியிடுகிறேன். பேய்களும் எல்லைத் தெய்வங்களும் நடமாடும் இன்றைய சென்னைதான் களம். நாயகி நீலி, கடைசி மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிறாள்.

"பேய்க்கதைதானே, இலக்கியமாக ஏதாவது எழுதக் கூடாதா?" என்கிறார்கள். "பதிப்பகம் கிடைக்கவில்லையா?" என்பது அடுத்த கேள்வி.

முதல் கேள்விக்கு வருகிறேன். பழையனூர் நீலி கணவனால் கொல்லப்பட்டவள். நியாயம் கேட்டுத் திரும்பி வந்தவளைப் பேய் என்றது ஊர். 'நீலிக் கண்ணீர்' என்று சொல்லி, பெண்ணின் அழுகையையே பொய்யாக்கியது. நம் கதைகளில் ஒரு பெண் நள்ளிரவில் தனியாக நடக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அவள் செத்திருக்க வேண்டும். என் நீலி உயிரோடு நடக்கிறாள். அது ஏன் இலக்கியம் ஆகாது?

அடுத்தது பதிப்பகம். கிடைத்தது. அவளுக்குத் துணையாக ஓர் ஆணைச் சேர்த்து, கடைசியில் கல்யாணம் செய்து வைக்கச் சொன்னார்கள். மறுத்தேன்.

சொந்தமாக வெளியிடுவது நமக்குப் புதிதும் அல்ல, இழுக்கும் அல்ல. வை.மு. கோதைநாயகி 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, அதில் தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். அவர் எழுதியவை 115 நாவல்கள். தோழிகளே, உங்கள் பாடத்திட்டத்தில் அவற்றில் ஒன்றாவது இருக்கிறதா?

எது இலக்கியம் என்று சொல்கிறவர்களும், எதை அச்சிடலாம் என்று முடிவு செய்கிறவர்களும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் திண்ணையில் எனக்கு இடம் வேண்டாம். என் புத்தகத்தைப் படித்துவிட்டுத் திட்டுங்கள், படிக்காமலே ஒதுக்காதீர்கள்.