காட்சி நாவலும் புதுவிருந்தும்

ஒரு கலையை விரும்புதல் எளிது. அதனைப் பிறர்க்கு அறிமுகஞ் செய்தல் அரிது. தாம் நுகர்ந்த இன்பத்தைப் பிறரும் நுகரவேண்டும் என்னும் அவா நல்லதே. ஆயினும் அவ்வவா அளவிறந்து பெருகுமாயின் ஊட்டுங் கை திணிக்குங் கையாகிவிடும். வந்தவர் உண்ணாமலே எழுந்து போவர். இக்காலத்து மாணவருட் பலர் ஜப்பானியக் காட்சி நாவல்களையும், அனிமே எனப்படும் அசைவோவியக் கதைகளையும் பெரிதும் போற்றுகின்றனர். அவற்றை அறியாதார்க்கு அவை இன்னவென்று சொல்லுதலும், அறிந்தார்க்கு அவர்தங் கடமை இன்னதென்று நினைவூட்டுதலும் ஆகிய இரண்டுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் காட்சி நாவலாவது யாது எனக் காண்போம். கணினித் திரையில் ஓர் இடம் ஓவியமாகத் தோன்றும். அது பள்ளியறையாகவோ, மழை பெய்யுந் தெருவாகவோ, ஆளற்ற மாளிகையாகவோ இருக்கலாம். அவ்வோவியத்தின் முன்னே கதைமாந்தர் நிற்பர். திரையின் கீழ்ப்புறத்தே கதை வரிவரியாக வரும். ஒரு விசையைத் தட்டினால் அடுத்த வரி தோன்றும். பின்னே இசை ஒலிக்கும். பலவற்றில் நடிகரின் குரலும் உண்டு. வாசகர் செய்யவேண்டிய வேலை பெரும்பாலும் வாசித்தலேயாம். இடையிடையே, அவளைப் பின்தொடர்வதா, வீடு திரும்புவதா என்பது போன்ற வினா எழும். அவர் தெரிந்தெடுக்கும் விடைக்கேற்பக் கதை கிளைத்துச் செல்லும். முன் நின்ற இடத்தைக் குறித்துவைத்து, மீண்டும் அங்கு வந்து வேறொரு கிளையிற் செல்லுதலும் கூடும். கிளையே இல்லாது ஒரே வழியிற் செல்லும் நாவல்களும் உண்டு.

இது நூலா, விளையாட்டா என்று வினவுவார் பலர். இரண்டின் இயல்பும் இதன்கண் உண்டு என்பதே தக்க விடை. அச்சு நாவலிலே கதைத்தலைவன் பிழை செய்தால் நாம் ஆசிரியரை நொந்துகொள்கிறோம். கிளையுள்ள காட்சி நாவலிலோ அப்பிழையைத் தெரிந்தெடுத்தவர் நாமே. ஒருவரை ஆற்றத் தவறியதால் அவர் அழிந்தார் எனக் கதை முடியுங்கால், அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்னும் உணர்ச்சி எழுகிறது. இவ்வுணர்ச்சியே இக்கலையின் தனிச்சிறப்பு என்பது என் துணிபு.

இதன் வரலாறு நாற்பதாண்டுகட்கு மேற்பட்டது. 1983-ம் ஆண்டில் யூஜி ஹோரி என்பார் இயற்றிய 'போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு' என்னுந் துப்பறியுங் கதை இதன் முன்னோடியெனக் கருதப்படுகிறது. 1992-ம் ஆண்டில் சுன்சாப்ட் நிறுவனத்தார் 'ஒத்தொகிரிசோ' என்னும் அச்சக்கதையை 'ஒலி நாவல்' என்று பெயரிட்டு வெளியிட்டனர். 1996-ம் ஆண்டில் லீஃப் நிறுவனத்தார் தம் வரிசைக்குக் 'காட்சி நாவல்' எனப் பொருள்படும் பெயரை வழங்க, அப்பெயரே நிலைத்தது. 2002-ம் ஆண்டு முதல் 2006-ம் ஆண்டு வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த 'ஹிகுராஷி' என்னும் கதையில் ஓவியங்கள் கரடுமுரடானவை. தெரிந்தெடுக்கும் வினாக்களும் இல்லை. எனினும் எழுத்தின் வலிமை ஒன்றனாலேயே அது நாடெங்கும் பரவி, 2006-ம் ஆண்டில் அனிமேயும் ஆயிற்று. 2004-ம் ஆண்டில் 'ஃபேட் ஸ்டே நைட்', 'கிளனாட்' என்னும் இரண்டும், 2009-ம் ஆண்டில் 'ஸ்டெயின்ஸ் கேட்' என்பதும் தோன்றின. இவையும் பின்னர் அனிமேயாகி உலகெங்கும் சென்றன. அனிமேயைக் கண்டு மகிழ்ந்தவர் அதன் மூலத்தைத் தேடிக் காட்சி நாவலுக்கு வருதல் இயல்பாயிற்று. இவ்விரு கலைகட்கும் அன்பர் கூட்டம் பெரும்பாலும் ஒன்றாயிருப்பதற்கு இதுவே காரணம்.

அக்கூட்டத்தாரைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் 'ஒட்டாக்கு' என்பது. 'உம் இல்லம்' என்பது அதன் நேர்பொருள். எதிரே நிற்பவரை மரியாதையாகத் 'தாங்கள்' என்று விளித்தற்கும் அச்சொல் வழங்கும். அன்பர் தம்முள் இங்ஙனம் விளித்துக்கொண்டமை கண்டு, 1983-ம் ஆண்டில் நாகமோரி அக்கியோ என்னும் எழுத்தாளர் அச்சொல்லையே அவர்கட்குப் பெயராக்கி எள்ளி எழுதினார். 1989-ம் ஆண்டில் கொடுங்கொலைஞன் ஒருவன் பிடிபட்டு, அவன் அறை ஒளிநாடாக்களால் நிரம்பியிருந்த செய்தி பரவியபோது, அப்பெயர் வசைச்சொல்லாகவே ஆயிற்று. யாதொரு குற்றமும் செய்யாத இளைஞர் பலர் அவ்வசையைச் சுமந்தனர். இகழப்பட்டோர் ஒருவரையொருவர் நெருங்கித் தமக்கென ஓர் இல்லம் அமைத்துக்கொள்ளுதல் உலக வழக்கு. ஆனால் அவ்வில்லத்தின் கதவு பிறர்க்கு அடைபடுதலும் எளிதிலே நேர்ந்துவிடும்.

நம் மொழியில் 'விருந்து' என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் புதிதாகப் புனையப்படுவதொரு நூல்வகைக்கும் விருந்து என்றே பெயரிட்டார். புதிதாக வந்தவரே விருந்தினர். உறவினர் விருந்தினராவது அதற்குப் பின்னரே. ஆகவே, இல்லம் என்று பெயர் பெற்றவர் விருந்து என்று பெயர் பெற்றவரை எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்பதைத் தமிழராகிய நமக்கு ஒருவர் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் நடைமுறையிற் காண்பது யாது? புதியவர் ஒருவர், "எங்கே தொடங்குவது?" என்று கேட்ட மாத்திரத்தில், நூறு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று அவர் கையில் வந்து விழுகிறது. ஃபேட் கதையை எடுத்துக்கொள்வோம். 2004-ம் ஆண்டில் வந்த மூலக்காட்சி நாவலை முதலில் வாசித்தல் வேண்டும் என்பார் ஒரு சாரார். அதற்கு முன்னிகழ்ந்தவற்றைக் கூறுவதும், 2011-ம் ஆண்டில் அனிமேயாக வந்ததுமாகிய 'ஃபேட் ஸீரோ'வை முதலிற் காண்க என்பார் மற்றொரு சாரார். இரு திறத்தாரும் தம்முட் பொருதுகொண்டிருக்கையில், கேட்டவர் மெல்ல எழுந்து போய்விடுகிறார். அவர் போனதையும் ஒருவரும் கவனித்திலர். இஃது ஒரு பிழை. ஜப்பானியப் பெயர்களைச் சரியாக உச்சரியாதவரை நகைத்தலும், அனிமே மட்டும் கண்டவரை அரைகுறை என்று தள்ளுதலும் இரண்டாம் பிழை. மூன்றாம் பிழை இவற்றினுங் கொடிது. அதனைச் செய்தவன் யானே ஆதலால் சிறிது விரித்துக் கூறுவேன்.

2017-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டீம் சால்வாட்டோ என்னும் சிறு குழுவினர் 'டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்' என்னும் காட்சி நாவலை விலையின்றி வெளியிட்டனர். பள்ளி மாணவியர் சிலர் கவிதை எழுதிக் கூடிப் பேசும் இன்கதை போலத் தொடங்குவது அது. பின்னர் உயிர்மாய்ப்பும் பெரும் அச்சமும் நிறைந்ததாக மாறும். இது சிறுவர்க்கும் எளிதிற் கலங்கும் உள்ளத்தார்க்கும் ஏற்றதன்று என்னும் எச்சரிக்கை தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அன்பர் பலர் அதனை மறைத்து, "இனிய காதற்கதை, அஞ்சாது வாசி" என்று கூறிப் புதியவர் திடுக்கிடுவதைக் கண்டு மகிழ்வர். விடுதியில் என் அறையில் உடனுறைந்த நண்பர் ஒருவர்க்கு யானும் அவ்வாறே செய்தேன். எச்சரிக்கை வரும் இடத்தை, "அது வெறுஞ் சம்பிரதாயம்" என்று விரைந்து கடக்கச் சொன்னேன். இரவு பாதியில் அவர் கணினியை மூடிவிட்டு வெளியே சென்று தாழ்வாரத்தில் அமர்ந்தார். அவருடைய தமையனார் இரண்டாண்டுகட்கு முன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பதை அன்றிரவே யான் அறிந்தேன். அதற்குமுன் அவர் சொன்னதில்லை; யானும் கேட்டதில்லை. அவர் என்னை மன்னித்தார். ஆனால் அக்கலையின் பக்கம் பின்னர் அவர் திரும்பவேயில்லை. அந்நூலைக் குறைகூறுகிறேன் அல்லேன். நூல் தன் கடமையைச் செய்தது. செய்யாதவன் யான்.

இதனால் யான் கற்றவை மூன்று. முதலாவது, கொடுப்பதற்கு முன் கேட்டல் வேண்டும். வந்தவர் எத்தகைய கதையை விரும்புவார், எதனைத் தாங்கார் என்று அறியாமல் ஒன்றையும் கொடுத்தலாகாது. வழக்கும் வாதமும் விரும்புவார்க்கு, 2001-ம் ஆண்டில் காப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஏஸ் அட்டார்னி' முதற்கதை ஏற்றது. நீதிமன்றத்தில் சாட்சியின் முரண்பாட்டைக் கண்டுபிடித்துக் குற்றமற்றவரை மீட்பதே அதன் பொருள். விஞ்ஞானக் கற்பனை விரும்புவார் 'ஸ்டெயின்ஸ் கேட்' வாசிக்கலாம். தொடக்கத்தில் மெல்ல நடக்கும், பொறுத்தார்க்குப் பயன் தரும்.

இரண்டாவது, சிறிதாகவும் முடிவுள்ளதாகவும் ஒன்றே ஒன்று கொடுத்தல் வேண்டும். பெருநாவல்கள் பல பத்து மணி நேரம் வாசிக்கத்தக்கவை. அவற்றைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் ஒருவர் கையிற் கொடுத்தல் நட்பாகாது. ஒரு மாலைப் பொழுதில் முடியுங் கதையாயின், பிடித்தால் மேலே செல்வர். பிடிக்காவிடின் அவர்க்கு நட்டம் பெரிதன்று.

மூன்றாவது, உள்ளதை உள்ளவாறே சொல்லுதல் வேண்டும். இத்துறையின் தொடக்கக் காலத்தில் வெளிவந்தவற்றுட் பல, வயது வந்தோர்க்கேயுரிய காமக்காட்சிகளையும் உடையன. ஃபேட் கதையின் முதற்பதிப்பும் அத்தகையதே. அக்காட்சிகள் பிற்பதிப்புக்களில் நீக்கப்பட்டன. கிளனாட்டோ தொடக்கமுதலே அனைவர்க்கும் உரியதாக எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டை மறைப்பதால் கலைக்கு வரும் நன்மை ஒன்றுமில்லை. கதையின் முடிவைச் சொல்லாதிருத்தல் நாகரிகம். அதிலுள்ள இடரைச் சொல்லாதிருத்தல் வஞ்சனை. இரண்டும் ஒன்றல்ல.

புதியவராக வருவோர்க்கும் ஒரு சொல். அன்பர் கூட்டத்தின் ஆரவாரத்தைக் கொண்டு கலையை அளவிடாதீர்கள். வழிகாட்டிக் குறிப்புக்களைப் பாராமல் முதன்முறை உம் மனம் போனவழியே தெரிந்தெடுங்கள். தவறான முடிவு வந்தால் அதுவும் கதையின் ஒரு பகுதியே. முறையான பதிப்பு கிடைப்பதாயின் அதனை விலைகொடுத்தே வாங்குங்கள். 2004-ம் ஆண்டில் வந்த ஃபேட் நாவலுக்கு முறையான ஆங்கிலப் பதிப்பு 2024-ம் ஆண்டிலேதான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் கூலி பெறாத அன்பர்களே அதனை மொழிபெயர்த்து உதவினர். அவர்தம் உழைப்பை மதிப்போர், ஆக்கியோர்க்குரியதைக் கொடாதிருத்தல் பொருந்தாது.

இக்கூட்டத்தில் குறைகளே உள்ளன என்று எவரும் எண்ணற்க. 1975-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டோக்கியோவில் 32 குழுவினர் தாமே அச்சிட்ட சித்திரக்கதைகளையும் ஏடுகளையும் பரப்பி வைத்து ஒரு சந்தை கூட்டினர். வந்தோர் ஏறத்தாழ 700 பேர். 'காமிக்கெட்' என்னும் அச்சந்தை இன்று ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது; வருவோர் இலட்சக்கணக்கினர். ஹிகுராஷியின் முதற்பகுதி விற்பனைக்கு வந்ததும் அங்கேதான். அங்கு விற்பவர், வாங்குபவர், தொண்டு செய்பவர் ஆகிய அனைவர்க்கும் 'பங்குகொள்வோர்' என்பது ஒன்றே பெயர். வாடிக்கையாளர் என்று ஒருவரும் இலர். 2019-ம் ஆண்டு ஜூலை மாதம் 18-ம் தேதி, கிளனாட்டை அனிமேயாக்கிய கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கட்டடத்திற்கு ஒருவன் தீயிட்டான். 36 பேர் உயிரிழந்தனர். அப்போது உலகெங்குமிருந்து வந்து சேர்ந்த நன்கொடை 300 கோடி யென்னுக்கு மேற்பட்டது. கொடுத்தவருள் எத்தனையோ பேர், பல்லாண்டுகட்கு முன் எவரோ ஒருவர் பொறுமையுடன் முதற்கதையைக் காட்டி அழைத்துவந்தவராயிருப்பர்.

இறுதியாக, புதியவர் ஒருவர்க்கு யான் இப்போது முதலிற் கொடுக்கும் நாவலைக் கூறி முடிப்பேன். 2004-ம் ஆண்டில் கீ நிறுவனத்தார் வெளியிட்ட 'பிளானட்டேரியன்' என்பது அது. போரினால் அழிந்து மக்கள் நீங்கிய நகரம்; ஓயாத மழை. கைவிடப்பட்ட அங்காடி ஒன்றன் மேல்மாடத்திலே விண்மீன் காட்டும் மண்டபம் இருக்கிறது. பொறுக்கித் திரியும் ஒருவன் அதனுள் ஒதுங்குகிறான். அங்கே பெண்ணுருவான இயந்திரம் ஒன்று, ஏறத்தாழ முப்பதாண்டுகளாக ஒருவரும் வாராத வாயிலிற் காத்து நின்று, அவனை வணங்கி வரவேற்கிறது. பழுதுற்ற பொருள்களைக் கொண்டு தானே கட்டிய செண்டு ஒன்றையும் அவனுக்கு அளிக்கிறது. அவன் முரடன், துப்பாக்கி தாங்கியவன், விண்மீன்களைப் பற்றி ஒன்றும் அறியான். அதுபற்றி அவ்வியந்திரம் அவனை இகழவில்லை. மேல் நிகழ்வதை யான் சொல்லேன்.

இவ்வாண்டு நம் கல்லூரியிற் புதிதாகச் சேர்ந்தவருள் ஒருவர், விடுதித் தாழ்வாரத்தில் உம்மிடம் வந்து, "அண்ணா, எங்கே தொடங்குவது?" என்று கேட்கலாம். பட்டியலை மடித்து வையுங்கள். முதலில் அவரை உட்காரச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள்.