நோயாளியின் கட்டிலருகே ஒரு செய்தித் தணிக்கை

1998 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கை அரசாங்கம் போர்ச் செய்திகள் மீது தணிக்கையை விதித்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அது மேலும் இறுக்கப்பட்டது. அந்நாட்களில் பத்திரிகைத் தொழிலில் இருந்த எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. மக்கள் பீதியடைந்து விடுவார்கள், மனவுறுதி குலைந்துவிடும், எல்லாம் மக்களின் நன்மைக்காகவே என்றார்கள். தமது உயிரோடு தொடர்புடைய உண்மையை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று நாம் வாதாடினோம். அவ்வாறு எழுதியும் பேசியும் வந்தவர்களுள் நானும் ஒருவன்.

அதே நான், 2018 ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் கட்டிலருகே தணிக்கை அதிகாரியாக அமர்ந்திருந்தேன். அந்த வெட்கத்தோடுதான் இதனை எழுதுகின்றேன்.

அவர் எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். வலிகாமத்தில் ஒரு கிராமத்தில், ஓய்வூதியத்தோடும் துணைவியாரோடும் வாழ்ந்து வந்தார். திருமணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகள். பிள்ளைகள் மூவரில் இருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் லண்டனிலும் இருக்கின்றனர். காலையில் இருவரும் சேர்ந்து தேவாரம் ஓதிய பின்னரே அந்த வீட்டில் தேநீர். வெள்ளிக்கிழமைகளில் கோயில். வாழ்நாளில் ஒருமுறையேனும் இருவருமாகக் கதிர்காமம் சென்று வரவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் எண்ணம். போர் நடந்தபோது பாதை இல்லை. போர் முடிந்தபின் பேரப்பிள்ளைகளின் வருகை, வீடு திருத்தும் வேலை, முழங்கால் வலி என்று அது தள்ளிக்கொண்டே போனது.

அவ்வாண்டு ஆடி மாதத்தில் ஆசிரியருக்கு உடல் மெலியத் தொடங்கியது. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பரிசோதனைகள் நடந்தன. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மூத்த மகனை மட்டும் உள்ளே அழைத்து, கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று வைத்தியர் கூறினார். நோய் யாருடையதோ அவர் வெளியே வாங்கில் அமர்ந்து பத்திரிகை வாசித்துக் கொண்டிருந்தார். மகன் வெளியே வந்து, "வயித்துப் புண்தான் அப்பா. மருந்தோடை மாறிவிடும்" என்றார். அன்றிரவு வட்ஸ்அப்பில் மூன்று நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்: அப்பாவுக்குச் சொல்லக்கூடாது. அம்மாவுக்குச் சொல்லலாம், ஆனால் அப்பாவுக்கு முன்னால் அவர் அழக்கூடாது.

அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். கேட்காமலேயே பணம் வந்தது. நாள் தவறாமல் தொலைபேசி அழைப்பும் வந்தது. ஆனால் அன்பு என்ற பெயரில் நாம் ஒரு மனிதரிடமிருந்து எதனைப் பறிக்கின்றோம் என்பதை அவர்களும் சிந்திக்கவில்லை, நானும் சிந்திக்கவில்லை.

கந்தசஷ்டி வந்தது. அறுபத்தெட்டு வயதான துணைவியார் ஆறு நாட்களும் பால் மட்டும் அருந்தி விரதம் இருந்தார். நான்காம் நாள் ஆசிரியர் அவரிடம் கேட்டாராம்: "எனக்கு வயித்துப் புண் எண்டால் நீர் ஏன் இப்பிடிப் பட்டினி கிடக்கிறீர்?" அவர் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பின்னர் ஒருநாள் நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். படலையடியிலேயே என்னை மறித்த அந்த அம்மா, "தம்பி, அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டார்" என்றார். உள்ளே சென்றேன். துணைவியார் தேநீர் போடச் சென்ற நேரம் பார்த்து ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். கிளினிக் வாசல்லை எழுதிக் கிடக்கிறதை வாசிக்கத் தெரியாதவனே நான்? அவவுக்குச் சொல்லிப்போடாதையும். அவ தாங்கமாட்டா" என்றார்.

இருவருக்கும் தெரியும். இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்தனர். இருவருடைய இரகசியமும் என்னிடம் இருந்தது. தேநீரைக் குடித்தேன், நாட்டு நடப்பைப் பேசினேன், வீடு திரும்பினேன். மார்கழியில் ஆசிரியர் காலமானார்.

வாசகர்களே, இது ஒரு வீட்டின் கதையன்று. எமது சமூகத்தில் புற்றுநோய் நுழைந்த வீடுகள் பலவற்றில் இந்த நாடகம் நடந்துகொண்டிருக்கின்றது. ஒரு காலத்தில் இலங்கையில் "மகரகமவுக்குக் கொண்டுபோகினம்" என்று சொன்னாலே போதும். நோயின் பெயரைச் சொல்லாமலே ஊர் விளங்கிக்கொள்ளும். அந்த வைத்தியசாலைக்குப் பின்னர் நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்ற பொருளில் "அபேக்ஷா" என்று பெயர் மாற்றப்பட்டது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்து நோயாளிக்கு மகரகம போவதே பெரும் போராட்டமாகியது. 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டியவர்களின் முயற்சியினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிகிச்சை எமது வாசலுக்கே வந்துவிட்டது. உண்மை மட்டும் இன்னும் நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை.

மறைப்பதை நியாயப்படுத்துபவர்கள் முதலில் கூறுவது, "வெளிப்படையாகச் சொல்வது வெள்ளைக்காரர் பழக்கம், எமது பண்பாட்டுக்கு ஒவ்வாது" என்பதாகும். இது தவறு. 1961 இல் அமெரிக்க வைத்தியர்களிடையே நடத்தப்பட்டு, அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை என்றே கூறியிருந்தனர். 1979 இல் அதே கேள்வி கேட்கப்பட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வோம் என்றனர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிற்துறையின் மனப்பாங்கே மாறியது. ஆகவே, மறைப்பது தமிழ்ப் பண்பாடும் அன்று, சொல்வது மேலைப் பண்பாடும் அன்று.

எமது பண்பாடு எது என்று கேட்பவர்கள் பெரியபுராணத்தைத் திறந்து பார்க்கட்டும். மருணீக்கியார் என்ற பெயரோடு சமண சமயம் புகுந்து தருமசேனர் ஆனவர், சூலை நோய் பற்றித் துடித்தபோது யாரிடம் வந்தார்? தமக்கையார் திலகவதியாரிடம். அந்த அம்மையார் "ஒன்றுமில்லைத் தம்பி, சாதாரண வயிற்று வலி" என்று கூறவில்லை. திருநீற்றைக் கொடுத்து, திருவதிகைப் பெருமான் முன்னிலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே பாடப்பட்ட அப்பரின் முதற் பதிகம் வலியை மூடி மறைக்கும் பாட்டா? குடலை முறுக்கும் நோயை வெளிப்படச் சொல்லி, தாங்க முடியவில்லையே என்று இறைவனிடம் முறையிடும் பாட்டு அது. எமது தேவார மரபின் பெரும் பகுதி ஒரு நோயாளி தன் நோயை அறிந்து, அதனை வாய்விட்டுச் சொன்னதிலிருந்து பிறந்தது. தன் நோய் இன்னதென்று அறியாதவன் இறைவனிடம் எதனைச் சொல்லி முறையிடுவான்? ஆசிரியர் வீட்டில் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருவரும் சேர்ந்து ஓதிய தேவாரம், கடைசி ஐந்து மாதங்களில் இருவரும் தனித்தனியே மனதுக்குள் அழுதுகொண்டு ஓதிய தேவாரமாகியது. பிரார்த்தனையையும் நாம் தணிக்கை செய்தோம்.

இந்த மௌனத்தினுள் வேறு சிலரும் புகுந்து கொள்கின்றனர். உண்மை வெளிப்படையாகப் பேசப்படாத வீட்டில் அச்சம் விலைபோகும். ஆசிரியரின் வீட்டுக்குச் சாதகக் குறிப்போடு ஒருவர் வந்தார். சனி தோஷம் கழிக்க வேண்டும் என்றார். எண்ணெய்க் குப்பியோடும் வேதாகமத்தோடும் ஒருவர் வந்தார்; விசுவாசம் இருந்தால் குளிசைகளை நிறுத்தலாம் என்றார். "போன பிறப்பிலை செய்த வினை" என்று, கேட்காமலே தீர்ப்பு வழங்கிவிட்டு ஓர் உறவினர் பலகாரம் சாப்பிட்டுப் போனார். கணவரிடம் ஆலோசனை கேட்க முடியாத நிலையில் இருந்த அந்த அம்மா, பிள்ளைகளுக்கும் சொல்லாமல், தனது காப்புகள் இரண்டை அடகு வைத்துத் தோஷம் கழித்தார். ஆசிரியருக்கு அது தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையில் தடுத்திருப்பார். அவர் வாழ்நாள் முழுவதும் சோதிடரை வாசற்படி ஏறவிடாதவர்.

சமயத்தை நான் குறை கூறவில்லை. சமயத்தின் பெயரால் நோயாளியின் தலைமாட்டில் நின்று தீர்ப்புக் கூறுபவர்களையே குறை கூறுகின்றேன். எண்ணெய்க் குப்பியோடு வந்தவர் தமது வேதாகமத்திலேயே யோபுவின் சரித்திரத்தை ஒருமுறை வாசித்திருக்கலாம். யோபு நோயுற்றபோது நண்பர்கள் மூவர் வந்தனர். ஏழு நாட்கள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பின்னர் வாய் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று உபதேசிக்கத் தொடங்கினார்கள். முடிவில் இறைவன் கண்டித்தது முறையிட்டு அழுத யோபுவை அல்ல, உபதேசித்த நண்பர்களை. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றே இயேசு பதிலளித்தார் என யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது. வினை, பாவம் என்று தீர்ப்புக் கூறும் உரிமையை எந்தச் சமயமும் நோயாளி பார்க்க வருபவர்களுக்கு வழங்கவில்லை.

இரண்டாவது நியாயம், "சொன்னால் நம்பிக்கை இழந்து விரைவில் இறந்து விடுவார்" என்பது. நடைமுறையில் நிகழ்வது என்ன? 1967 இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் நோயாளர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், இறக்கும் நிலையிலுள்ளவரின் வலி உடலோடு மட்டும் நிற்பதில்லை, மனமும் குடும்பமும் ஆன்மாவும் சேர்ந்தே வலிக்கின்றன என்று எடுத்துரைத்தார். புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்தை உயர்த்தி, தேவைப்படின் மோர்பின் வரை கொடுக்கலாம் என்ற வழிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே வெளியிட்டுவிட்டது. ஆனால் நோயின் பெயரை மறைக்கும் வீட்டில் மோர்பினை எப்படிக் கொடுப்பது? "வயிற்றுப் புண்ணுக்கு ஏன் இந்த மருந்து?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? இதற்கு அஞ்சியே ஆசிரியரின் குடும்பத்தினர் நோய்த்தணிப்புப் பராமரிப்பை நாடாமல் நாட்களைக் கடத்தினர். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒரு முதியவர் வலியைத் தின்றார். அவரும் வாய்விட்டு முனகவில்லை. முனகினால் மனைவிக்கு விளங்கிவிடும் அல்லவா?

நோயாளி எல்லோருக்கும் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று நான் கூற வரவில்லை. "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகனோடு பேசுங்கள்" என்று கூறும் முதியவர்களும் உண்டு. அதுவும் அவர்களின் உரிமையே. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நோயாளி. ரொறன்ரோவிலுள்ள மகனோ, லண்டனிலுள்ள மகளோ, வைத்தியரோ, நானோ அல்ல. முதல் நாளே அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்பதில் என்ன தடை? "உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகின்றீர்கள்? யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?" இவ்வளவுதான். வைத்தியர்களே, இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடங்கள் போதும். அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கைத் துணைதான். கணவனை வாங்கில் இருத்திவிட்டு மகனை உள்ளே அழைக்காதீர்கள்.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வாழும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் உங்களுக்கு நோய் வந்தால் வைத்தியர் உங்களிடமே சொல்வார். உங்களை விட்டுவிட்டு வேறொருவரிடம் சொன்னால் நீங்கள் பொறுத்துக்கொள்ள மாட்டீர்கள். உங்களுக்கு வேண்டும் என்று நீங்கள் கருதும் மரியாதை, உங்களைப் பெற்றவர்களுக்கு ஏன் வேண்டாம்? போரையும் இடப்பெயர்வையும் ஷெல் வீச்சையும் தாங்கி உங்களை வளர்த்து அனுப்பியவர்களுக்கு ஓர் உண்மையைத் தாங்க முடியாது என்று எவ்வாறு முடிவு செய்தீர்கள்?

ஆசிரியரின் ஆண்டுத் திவசத்துக்கு நான் சென்றிருந்தேன். பந்தி முடிந்து எல்லோரும் போனபின், நான் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, உங்களுக்காகவே மறைத்தார் என்றேன். ஓராண்டு பிந்திய செய்தி. பத்திரிகைத் தொழிலில் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

அவர் அழவில்லை. சற்று நேரம் முற்றத்தைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பவே சொல்லியிருந்தால் ரெண்டு பேருமா ஒருக்காக் கதிர்காமம் போயிட்டு வந்திருப்பம் தம்பி. ஆவணி மட்டும் அவர் நல்லா நடந்து திரிஞ்சவர்தானே."

கணையப் புற்றுநோய்க்கு எம்மிடம் மருந்து இருக்கவில்லை. அதற்கு யாரையும் குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் கதிர்காமத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பாதை திறந்திருந்தது, பேருந்து ஓடியது, அவருக்குக் காலில் வலுவும் இருந்தது. அந்தப் பயணத்தைத் தடுத்தது நோய் அல்ல. தடுத்தவர்கள் நாங்கள்.