வாயைக் கட்டினால் போதாதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவன்)

"கண்டதைத் தின்று உடம்பைப் பெருக்கியவன் வாயைக் கட்டினால் இளைத்துவிடுவான். இதற்கு அறுவைச் சிகிச்சை எதற்கு? அதற்கு அரசாங்கப் பணம் எதற்கு?" என்று கேட்போர் பலர். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

இச்சிகிச்சை சற்றே தொந்தி விழுந்தவர்களுக்கு உரியதன்று. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். அது 40-ஐ எட்டியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோய்களுடன் 35-ஐ எட்டியவர்களுக்கும், பிற வழிகள் பலிக்காதபோது செய்யலாம் என்பதே நெடுங்காலம் இருந்த வரையறை. 170 செ.மீ. உயரமுள்ளவர் ஏறத்தாழ 116 கிலோ இருந்தால் அந்த எண் 40 ஆகும். இந்நிலையில் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும், பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகமாகி, உடலே பழைய எடைக்கு இழுக்கிறது. வைராக்கியம் மட்டும் என்ன செய்யும்?

ஸ்வீடன் நாட்டில் 1987-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அறுவைச் சிகிச்சை பெற்றோர் 2010 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றோர் 2037 பேர். சராசரியாக ஏறக்குறைய 11 ஆண்டுகள் கண்காணித்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். முன்னவருள் 101 பேரும், பின்னவருள் 129 பேரும் இறந்திருந்தனர்.

செலவு? முதல் ஆறு ஆண்டுகள் அறுவை செய்துகொண்டவர்களே மருத்துவமனையை அதிகம் நாடினர். பின்னர் அந்த வேறுபாடு மறைந்தது. ஏழாம் ஆண்டு முதல் அவர்களது மருந்துச் செலவு குறைந்தது. ஆகவே "போட்ட பணம் முழுவதும் திரும்பிவிடும்" என்று நான் வாதிடவில்லை. பணத்துக்கு ஈடாக நலம் கிடைக்கிறதா என்பதே கேள்வி. பிரிட்டனில் 2009-இல் வெளியான மதிப்பீடு, இருபது ஆண்டுக் கணக்கில், நலமான ஓர் ஆண்டு வாழ்வைக் கூடுதலாகப் பெற 2,000 முதல் 4,000 பவுண்டு ஆகும் என்றது. அந்நாட்டில் அப்போது 20,000 பவுண்டு வரை ஏற்கத்தக்க செலவாகக் கருதப்பட்டது!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். எந்தப் பொருளுக்கும் விலை கேட்டே பழகியது எங்கள் வீடு. ஆனால் மாதம் ஒருமுறை அறுந்துபோகும் மலிவுச் செருப்பு சிக்கனமாகாது என்பதும் அங்கே கற்ற பாடந்தான். மலிவு வேறு, சிக்கனம் வேறு.

கத்தியோடு கடமை முடிந்துவிடாது. சத்து மாத்திரைகளும் மருத்துவர் கண்காணிப்பும் வாழ்நாள் முழுதும் வேண்டும். அதற்கு வழி செய்யாமல் அறுவை மட்டும் செய்வது வீண்செலவே. விளையாட்டுத் திடல்களும் நல்லுணவும் வேண்டும் என்பதையும் மறுப்பாரில்லை. எனினும், வருமுன் காப்பது நாளைய தலைமுறைக்கு. இன்று மூச்சு வாங்குகிறவருக்கு என்ன பதில்?

வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிழைத்துக்கொள்வார். இல்லாதவருக்கு நாம் அறிவுரையை மட்டும் இலவசமாக வழங்குகிறோம். அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை பரவலாக வேண்டும் என்பது என் துணிபு. நோயாளியைப் பெருந்தீனிக்காரன் என்று நகைக்கும் பழக்கத்தை நாமும் விட்டொழிப்போம். அதற்குச் செலவே இல்லையல்லவா?